கணிப்பொறியின் ஞாபகம்: பழைய இயந்திரங்கள் எங்கே போயின?

சிறு வயதில் கூட்டல் பயின்ற காலத்தை நேயர்கள் நினைவுகூர்தல் கூடும். 'மனத்தில் ஏழு, கையில் ஐந்து' என்று வாய்விட்டுச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினோம். விடை கிடைக்கும் வரையில் அந்த ஏழு மனத்தை விட்டு அகலலாகாது. அகன்றால் கணக்குத் தவறும். விடை கிடைத்த பின்னர் அந்த ஏழைப் பற்றிய கவலை நமக்கு இல்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கிற்குச் செல்வோம்.

கணிப்பொறிக்கும் இவ்வாறு ஒரு 'மனம்' வேண்டியிருக்கிறது. கொடுத்த எண்களையும், இடையில் கிடைத்த விடைகளையும், அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்னும் கட்டளைகளையும் அது எங்கேனும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தையே நினைவகம் என்கிறோம். இன்று அது நகக்கண் அளவுள்ள சில்லில் அடங்கிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன்போ, ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தில் மிகவும் தொல்லை கொடுத்த உறுப்பு இதுவே. அதை உருவாக்க அறிஞர்கள் பாதரசத்தை நாடினர், படக்குழாயை நாடினர், சுழலும் உருளையை நாடினர், முடிவில், கடுகைப் போன்ற காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தனர். அந்த இயந்திரங்களும் அவற்றின் நினைவகங்களும் பின்னர் என்னவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். கணிப்பொறி எந்த எண்ணையும் இரண்டே குறிகளால் எழுதுகிறது. ஒன்று 'உண்டு', மற்றொன்று 'இல்லை'. வரிசையாக விளக்குகளை வைத்து, சிலவற்றை ஏற்றியும் சிலவற்றை அணைத்தும் ஓர் எண்ணைக் குறிக்க இயலுமன்றோ? அது போன்றதே இதுவும். ஆகவே, இரு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் நிற்கக்கூடியதும், நின்ற நிலையை வேண்டும்போது தெரிவிக்கக்கூடியதுமான எப்பொருளும் நினைவகத்திற்கு உதவும். இத்தகைய குறிகள் பல சேர்ந்த ஒரு தொகுதியைப் பொறியியல் வல்லுநர் 'சொல்' என்று வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்தமானது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவான 'எட்சாக்' என்னும் கணிப்பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் முதன்முதலாகக் கணக்கிட்டது. அதன் நினைவகம் பாதரசம் நிரம்பிய குழாய்களாகும். ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ ஐந்து அடி நீளம் உடையது. ஒரு முனையில் மின்துடிப்பு ஒலித்துடிப்பாக மாறும். அவ்வொலி பாதரசத்தினூடே சென்று மறுமுனையை அடையச் சுமார் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அங்கே அது மீண்டும் மின்துடிப்பாக மாறி, பெருக்கப்பட்டு, முதல் முனைக்கே திரும்ப அனுப்பப்படும். வட்டமாக அமர்ந்த பிள்ளைகள் ஒரு செய்தியைக் காதோடு காதாகச் சொல்லிச் சுற்றிவரச் செய்யும் விளையாட்டை இதற்கு ஒப்பிடலாம். சுற்று நிற்காத வரையில் செய்தி உயிரோடு இருக்கும். மின்சாரம் தடைப்பட்டால் அந்தக் கணமே யாவும் மறைந்துவிடும். ஒரு குழாயில் 576 குறிகள் இவ்வாறு ஓடிக்கொண்டிருந்தன.

எட்சாக் 1958-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை எட்சாக் இரண்டு என்னும் புதிய இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பழையதைப் பிரித்தனர், உறுப்புகள் பல திசைகளிலும் சிதறின. 2011-ஆம் ஆண்டில், பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் எட்சாக்கை மீண்டும் கட்டி எழுப்பும் முயற்சி தொடங்கப்பட்டது. முழுமையான வரைபடங்கள் கையில் இல்லை. பழைய நிழற்படங்களை உற்றுநோக்கியே பல பகுதிகளை ஊகிக்க வேண்டியிருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கையில், மூல இயந்திரத்தின் சட்டம் ஒன்று கடல் கடந்து அமெரிக்காவில் ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. அது திரும்ப வந்தது. வரைபடங்கள் சிலவும் 2014-ஆம் ஆண்டில் கிடைத்தன. அவற்றைக் கண்ட பின்னரே, ஊகித்துச் செய்தவற்றுள் எவை சரி, எவை தவறு என்பது விளங்கிற்று. புதிய எட்சாக்கில் பாதரசம் இல்லை. நச்சுத்தன்மையையும் செலவையும் கருதி, அதற்குப் பதிலாக நிக்கல் கம்பியின் வழியே துடிப்புகளை ஓடவிடுகின்றனர்.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் நாள், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் என்னும் மூவரும் ஒரு சிறு இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். தன் நினைவகத்திலேயே கட்டளைகளையும் வைத்துக்கொண்டு இயங்கிய முதல் மின்னணுக் கணிப்பொறி அதுவாகும். 'குழந்தை' என்பது அதன் செல்லப்பெயர். அதன் நினைவகம் தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயை ஒத்தது. குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளை இட்டு, அவை மங்கும் முன்னர் மீண்டும் மீண்டும் புதுப்பித்து வந்தனர். அதில் அடங்கியவை 32 சொற்களே. அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை; அதன் உறுப்புகள் அடுத்த பெரிய இயந்திரத்தை ஆக்கும் பணியில் கலந்துவிட்டன. பொன்விழா ஆண்டான 1998-இல், அதே போன்ற ஒன்றைப் புதிதாகச் செய்து மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் வைத்தனர்.

இங்ஙனம் முன்னோடிகள் யாவும் மறைந்தனவோ எனின், இல்லை. ஆஸ்திரேலியாவின் 'சிசிராக்' தப்பிப் பிழைத்தது. சிட்னி நகரில் டிரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்ட் ஆகியோர் அமைத்த அவ்வியந்திரம் 1949-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 1955-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1956 முதல் 1964 வரை அங்கே எழுநூற்றுக்கும் மேற்பட்ட கணக்கீட்டுப் பணிகளை நிறைவேற்றியது. அதுவும் பாதரசக் குழாய் நினைவகம் உடையதே. 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதை நிறுத்தியபோது, பிரித்து விற்காமல் விக்டோரியா அருங்காட்சியகத்திற்கு வழங்கிவிட்டனர். பல ஆண்டுகள் அது கிடங்கில் கிடந்ததும் உண்மையே. ஆயினும் உறுப்புகள் குலையாமல் இருந்தன. முதல் தலைமுறைக் கணிப்பொறிகளுள் முழுமையாக எஞ்சியுள்ளது என்ற பெருமை இன்று அதற்கு உண்டு. அதை இனி இயக்குவதில்லை. இயக்க வேண்டுமாயின் பழைய உறுப்புகள் பலவற்றை நீக்கிப் புதியன பொருத்த வேண்டும். அப்பொழுது அது பழைய சிசிராக்காக இராது.

நம் நாட்டிற்கு வந்த முதல் கணிப்பொறி, 1950-களின் நடுவில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அமைந்தது. பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட அதன் பெயர் 'ஹெக்-2எம்' என்பதாகும். அதன் நினைவகம், மேற்பரப்பில் காந்தப்பூச்சு உடைய ஓர் உருளை. உருளை இடைவிடாது சுழலும். அதை ஒட்டி நிற்கும் தலைகள் குறிகளை எழுதும், படிக்கும். அதில் 1,024 சொற்களுக்கு இடம் இருந்தது. வேண்டிய சொல் தலைக்கு நேரே சுழன்று வரும் வரையில் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் குறை. அதன் பின்னர் சோவியத் நாட்டிலிருந்து 'ஊரல்' என்னும் மற்றொரு உருளை இயந்திரமும் அதே கழகத்திற்கு வந்தது. ஹெக் வரிசையின் முன்மாதிரி இயந்திரம் இன்று இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர அருங்காட்சியகத் தொகுப்பில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இனி, நினைவகக் கலையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கிய காந்த வளையத்தைப் பற்றிக் கூறுவேன். பெர்ரைட் என்பது இரும்புச் சேர்மம் கலந்த ஒருவகைப் பீங்கான். அதனால் செய்த மிகச் சிறிய வளையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே செல்லும் கம்பியில் ஒரு திசையில் மின்சாரம் பாய்ந்தால் வளையம் ஒரு போக்கில் காந்தமாகும். மறுதிசையில் பாய்ந்தால் எதிர்ப்போக்கில் காந்தமாகும். இவ்விரு போக்குகளே 'உண்டு', 'இல்லை' என்னும் குறிகள். மின்சாரம் நின்ற பின்னும் காந்தம் அப்படியே நிற்கும். நெடுக்கிலும் குறுக்கிலும் கம்பிகளை ஓட்டி, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு வளையத்தை வைத்தால் ஒரு வலை உண்டாகும். ஒரு நெடுக்குக் கம்பியிலும் ஒரு குறுக்குக் கம்பியிலும் பாதிப் பாதி மின்சாரத்தைச் செலுத்தினால், அவை கூடுமிடத்திலுள்ள வளையம் ஒன்று மட்டுமே முழு வேகத்தையும் பெற்றுத் திரும்பும், ஏனையவை அசையா. தெருவின் பெயரும் வீட்டின் எண்ணும் சேர்ந்து ஒரே வீட்டைக் காட்டுவது போன்றது இது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வளையத்தில் உள்ளதைப் படிக்க வேண்டுமாயின் அதை ஒரு போக்கில் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளியவுடன் பழைய குறி அழிந்துவிடும். ஆதலால் படித்த மறுகணமே அதை மீண்டும் எழுதிவிட வேண்டும். இந்த உத்தியை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் வாங் 1949-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். வளையங்களை வலையாகக் கோக்கும் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜே பாரெஸ்டர் உருவாக்கி, 1953-ஆம் ஆண்டில் 'வேர்ல்விண்டு' என்னும் கணிப்பொறியில் பொருத்தினார். அடுத்த இருபது ஆண்டுகள் உலகமெங்கும் காந்த வளையத்தின் ஆட்சியே நடந்தது. அவ்வலைகளைப் பெரும்பாலும் பெண்களே, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், மெல்லிய கம்பியைக் கையால் கோத்துச் செய்தனர். கணிப்பொறி எனின் ஆளின்றி இயங்கும் அதிசயம் என்று எண்ணுவோர், அதன் நினைவகம் பூத்தொடுப்பது போன்ற கைவேலையால் ஆனது என்பதை அறிந்தால் வியப்படைவர்.

அதன் உறுதிக்கு ஒரு சான்று கூறலாம். 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வானில் சிதறிக் கடலில் வீழ்ந்தது. அக்கலத்தின் கணிப்பொறிகளில் இருந்தவை காந்த வளைய நினைவகங்கள். கடலிலிருந்து மீட்டபோதும் அவற்றில் பதிந்திருந்த குறிகள் அழியாமல் இருந்தன.

நம் நாட்டிலேயே அமைக்கப்பட்ட முதல் முழுநிலைக் கணிப்பொறியிலும் இத்தகைய வளையங்களே இருந்தன என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1954-ஆம் ஆண்டில் இப்பணி தொடங்கிற்று. தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன். அவருடன் உழைத்த இளைஞர்கள் பெரும்பாலோர் அதற்கு முன் கணிப்பொறியைக் கண்ணாலும் கண்டவரல்லர். 1956-இல் ஒரு சிறு முன்மாதிரி இயங்கியது. 1960-இல் முழு இயந்திரமும் பணிக்கு வந்தது. சுமார் 2,700 வால்வுகள் அதில் இருந்தன. நினைவகத்தில் 2,048 சொற்கள். சொல் ஒன்றுக்கு 40 குறிகள். பெருக்கிப் பார்த்தால் 81,920 வளையங்கள் என்று ஆகிறது. இன்று நம் கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதில் வைக்க இயலாது. ஆயினும் பல துறை அறிஞர்களின் கணக்குகளை அது தீர்த்து வைத்தது. 1962-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரதமர் நேரு அவர்கள் அதற்கு 'டிப்ராக்' எனப் பெயர் சூட்டினார். 1964-இல் அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரிய கணிப்பொறி அக்கழகத்திற்கு வந்தது. டிப்ராக்கின் காலமும் முடிவுற்றது. அதை இயங்கும் நிலையில் இன்று எங்கும் காண இயலாது.

இவ்வியந்திரங்கள் ஏன் அழிந்தன? அழித்தவர்களைக் குறை கூறுவது எளிது. காரணங்களை ஆராய்ந்தால் அவ்வளவு எளிதன்று என்பது புலப்படும். முதற்காரணம் இடம். ஒரு பெரிய கணிப்பொறியும் அதன் குளிர்சாதன ஏற்பாடுகளும் ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும். புதியது வர வேண்டுமாயின் பழையது வெளியேற வேண்டும். இரண்டாவது காரணம் உடைமை. ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் தம் இயந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டன. வாடகைப் பொருளைப் பயன்படுத்துவோர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை; திரும்பிச் சென்ற பழைய இயந்திரங்கள் பிரிக்கப்பட்டன. மூன்றாவது காரணம் உலோகத்தின் விலை. இணைப்பு முனைகளில் பூசிய பொன்னும், கட்டுக்கட்டாகக் கிடந்த செம்புக் கம்பியும் பழைய இரும்பு வாணிகர்க்கு நல்ல வருவாய் தந்தன. நான்காவது காரணமே மிகவும் கொடியது. அது, பொருள் இன்னதென்று அறியாமை.

இந்த நான்காவது காரணத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் கழிவுப் பொருள் பட்டியல் மொழிபெயர்ப்பிற்காக என் மேசைக்கு வந்தது. உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த அலமாரிகள், தட்டச்சுப் பொறிகள் ஆகியவற்றுக்கு இடையே 'கோர் ஸ்டாக் - ஒன்று - பயனற்றது' என ஒரு வரி. நான் கலைப் பட்டம் பெற்றவன். அச்சொற்களின் பொருளை அறியேன். அகராதியைப் புரட்டி 'மையக் கட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஏதோ மரக்கட்டு என்றோ, இரும்புக்கட்டு என்றோ படித்தவர் நினைத்திருப்பர். பட்டியல் ஒப்புதல் பெற்றது. பொருள்கள் எடைக்கு விற்கப்பட்டன. ஓராண்டு கழித்து ஒரு நூலில் காந்த வளைய நினைவகத்தின் படத்தையும் அதன் பெயரையும் கண்டேன். அப்பொழுதுதான் நான் எழுதியது இன்னதென்று உணர்ந்தேன். 'காந்த வளைய நினைவகம்' என்று அன்று எழுதியிருந்தால், கையொப்பமிட்ட அதிகாரி ஒரு கணமேனும் நின்று, 'இது என்ன?' என்று கேட்டிருக்கக்கூடும். கேட்டிருப்பார் என்று உறுதி கூற மாட்டேன். கேட்பதற்கு வேண்டிய சொல்லை நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பெயர் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் 1951-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஒரு கணிப்பொறியின் நினைவகம், 'டெக்கட்ரான்' என்னும் ஒளிரும் வாயுக் குழாய்களால் ஆனது. அத்தகைய குழாய்கள் 828 அதில் இருந்தன. குழாயினுள் ஒளிப்புள்ளி நிற்கும் இடமே எண்ணைக் காட்டும்; ஆகவே, இயந்திரம் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். 1957-இல் அது வால்வர்ஹாம்டன் நகரக் கல்லூரிக்குச் சென்று மாணவர்க்குப் பயன்பட்டது; 1973-இல் பர்மிங்காம் அருங்காட்சியகத்தை அடைந்தது; பின்னர் கிடங்கிற்குச் சென்று மறக்கப்பட்டது. கிடங்கில் எடுத்த ஒரு நிழற்படத்தில் அதன் ஒரு பகுதி தென்பட, அதை இன்னதென அடையாளம் கண்டுகொண்டார் ஒருவர். அந்த ஒரு பார்வையால் இயந்திரம் மீண்டது. பிளெட்ச்லி பார்க்கில் தன்னார்வலர்கள் அதைப் பழுதுபார்த்து, 2012-ஆம் ஆண்டில் மீண்டும் இயக்கினர். மூல உறுப்புகளோடு இன்றும் இயங்கும் கணிப்பொறிகளுள் அதுவே மிகப் பழையது எனக் கருதப்படுகிறது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு பழைய இயந்திரத்தையும் முழுமையாக வைத்துக் காப்பது எந்த நாட்டாலும் இயலாது. ஆனால் சில செயல்கள் பெரும் பொருட்செலவின்றியே இயல்வன. இயந்திரத்தைப் பிரிக்கும்போது, நினைவக வலைகளுள் ஒன்றையேனும் எடுத்து வைக்கலாம். அது ஒரு புத்தகத்தை விடப் பெரிய இடத்தைக் கேட்பதன்று. அதனோடு ஒரு சீட்டைக் கட்டி, எந்த இயந்திரத்தின் எந்தப் பகுதி, எந்த ஆண்டு, எதற்காகப் பயன்பட்டது என்பனவற்றை எழுதி வைக்கலாம். சீட்டு இல்லாத பொருளை அடுத்த தலைமுறை குப்பை என்றே கருதும். வரைபடங்களையும் கையேடுகளையும் பொருளோடு சேர்த்தே வைத்தல் வேண்டும். எட்சாக்கை மீண்டும் கட்டியவர்கள் பட்ட பாடு அவற்றின் அருமையை நமக்கு உணர்த்துகிறது.

இவற்றினும் விரைந்து செய்ய வேண்டியது மற்றொன்று. 1960-களில் அவ்வியந்திரங்களின் முன் இரவு பகலாக அமர்ந்திருந்த இளைஞர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். எந்த உறுப்பு அடிக்கடி பழுதாகும், எந்த ஓசை கேட்டால் எதைச் சரிபார்க்க வேண்டும், வெயிற்காலத்தில் வால்வுகளின் வெப்பத்தை எவ்வாறு தணித்தனர் என்பன போன்ற செய்திகள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களுடைய நெஞ்சிலேயே உள்ளன. அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்துகொள்ள இன்று ஒரு கைபேசி போதும். நேயர்களுள் யாருடைய வீட்டிலேனும் அத்தகைய முதியவர் இருப்பின், ஒரு மாலைப் பொழுதை அதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் முதலில் சொல்லும் சொற்கள் நமக்கு விளங்காமற் போகலாம். 'அது என்ன?' என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேளாது விட்டதன் விலையை மேலே கூறியிருக்கிறேன்.